குறியும் நெறியும்



"மகன் ஏர்கன் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான் ஹஜ்ரத், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் தாய்மார்களை அண்மைக் காலமாக அடிக்கடி சந்திக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் தந்தை, "கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடு" என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். வீட்டிலிருக்கும் தாய்க்கோ மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: வீட்டுக்கு வாங்காதீர்கள், ஊருக்கு வாங்குங்கள். ஊருக்கு வாங்குவதாவது, நண்பர்கள் சிலர் கூடி, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கென ஒரு சங்கம் அமைப்பது. எங்கள் மஹல்லாவில் அப்படியொரு சங்கம் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. அதுகுறித்து எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள்.

ஏர்கன் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொருட்காட்சியிலும் கந்தூரிக் கடைவீதியிலும் மெரினா கடற்கரையிலும் வரிசையாகப் பலூன் கட்டிவைத்திருக்கும் பலகைதான். ஆகவே அது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அது அரை கிராம் எடையுள்ள ஈயக்குண்டை வினாடிக்கு நூற்றைம்பது மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்தக்கூடிய கருவி. கண்ணில் பட்டால் கண் போய்விடும். சிறு கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டியெறிவதைக்கூட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அது வேட்டைப் பிராணியை வீழ்த்தவும் உதவாது, பகைவனை முறியடிக்கவும் உதவாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும், அவ்வளவே என்று அண்ணலார் காரணமும் கூறியதாக அப்துல்லாஹ் பின் முஃகஃப்பல் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. சுண்டுகல்லுக்கே இந்த எச்சரிக்கை என்றால், மாடியில் நின்று தென்னை மரத்தை நோக்கிச் சுடும் பையனைக் குறித்து என்ன சொல்வது? மரத்துக்கு அப்பால் அண்டைவீட்டுக் கொல்லை இருக்கிறதல்லவா?

அந்தப் பையன் எதைச் சுடுகிறான் என்பதையும் பெற்றோர் கேட்பதில்லை. முதல் நாள் காலி டப்பா. மூன்றாம் நாள் அணில். ஒரு வாரம் கழிந்தால் குளக்கரையில் நிற்கும் மடையான். குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். குறிதவறும் அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினர். உயிருள்ள ஒன்றைக் குறிப்பொருளாக்குகிறவனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அப்போது எடுத்துரைத்தார்கள். ஓடியதிலிருந்தே தெரிகிறது, செய்வது தவறென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது! நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது: 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றமாகும். "அறுத்துச் சாப்பிடத்தானே சுடுகிறோம்" என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. குண்டடிபட்டு, அறுக்கும் முன்பே உயிர் பிரிந்துவிட்டால் அது அடிபட்டுச் செத்ததன் வகையிலேயே சேரும் என்பது நாம் ஓதிவரும் ஃபிக்ஹு நூல்களின் முடிவு. ஆக, சட்டமும் கையைப் பிடிக்கிறது, மார்க்கமும் கையைப் பிடிக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 2021 ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் இயக்கத்தில், பறவைகளையும் விலங்குகளையும் காக்கும்பொருட்டு, கிராமத்து மக்கள் தங்கள் ஏர்கன்களைத் தாமாகவே அரசிடம் ஒப்படைத்தார்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் காடு என்னவாகும் என்பதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் குறிபார்க்கும் கலையே கூடாதென்பதா? அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கடந்து சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், உங்கள் தந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளியே என்று கூறி அவர்களை ஊக்கினார்கள். ஓரணியின் பக்கம் தாமிருப்பதாகவும் கூறினார்கள். உடனே மறு அணியினர் கையை நிறுத்திவிட்டார்கள். பெருமானார் இருக்கும் அணியை எதிர்த்து எய்வது எப்படி? அப்போது அண்ணலார், தாம் எல்லாருடைய பக்கமும் இருப்பதாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். எத்துணை அழகான நிகழ்ச்சி! விளையாட்டுச் சங்கம் நடத்த முன்வருவோர் இந்த ஒரு ஹதீஸை நெஞ்சில் நிறுத்தினால் போதும்.

உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் முதிய வயதிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்து பழகுவார்கள். இந்த வயதில் இத்தனைச் சிரமம் ஏன் என்று கேட்டவருக்கு, கற்றபின் கைவிடுவதைப் பெருமானார் (ஸல்) கண்டித்திருப்பதையே அவர்கள் மறுமொழியாகக் கூறினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்குமெனத் தனி அத்தியாயமே உண்டு. இஸ்தான்பூலில் 'ஒக்மைதான்' என்றொரு பகுதி இருக்கிறது. 'ஒக்' என்றால் அம்பு. 'மைதான்' நமக்கும் தெரிந்த சொல்தான். 1453 இல் நகரை வென்ற சுல்தான் முஹம்மத், வில்லாளிகளின் பயிற்சிக்கென ஒதுக்கிய நிலம் அது. நெடுந்தொலைவு சென்ற அம்புகளின் நினைவாக அங்கே நடப்பட்ட கற்களில் சில இன்றும் நிற்கின்றன. அந்தத் துருக்கி நாட்டிலிருந்துதான் 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றார் யூஸுஃப் திகெச். வயது ஐம்பத்தொன்று. ஒரு கையைச் சட்டைப்பையில் இட்டபடி, அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடியுடன் நின்று சுட்டு, பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் ஷெவ்வால் இலாய்தா தர்ஹான் என்ற பெண்மணியுடன் இணைந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். முயற்சியைத் தொடங்கியவர்கள் நால்வர்: மின்பணி செய்பவர் ஒருவர், அரிசி வணிகர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெருக்காரர் ஒருவர். மார்க்க விளக்கம் கேட்க வந்தவர்கள் என்னையும் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். செய்தி ஜமாஅத்துக்கு எட்டியது. பெரியவர் ஒருவர் எழுந்து, "துப்பாக்கி என்ற சொல்லே நமக்கு வேண்டாம் தம்பிகளே. காலம் சரியில்லை. நாளைக்கு ஒன்றென்றால் நம் பிள்ளைகளைத்தான் முதலில் தேடி வருவார்கள்" என்றார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கும்படியான பேச்சும் அல்ல அது. இந்நாட்டில் முஸ்லிம் இளைஞன் ஒருவன் கையில் நீளமான பையுடன் தெருவில் நடந்தால் எத்தனை கண்கள் திரும்பும் என்பதை அறிந்து பேசியவர் அவர்.

அன்று நான் அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நம் ஊரில் ஏழெட்டு வீடுகளில் ஏற்கெனவே ஏர்கன் இருக்கிறது. கட்டிலுக்கடியிலும் பரணிலும் கிடக்கிறது. அச்சத்தால் நாம் அதைப் பற்றிப் பேசாமலிருந்தால் அது இல்லாமற்போய்விடாது. மறைவில் இருக்கும், அவ்வளவுதான். மறைவில் இருக்கும் பொருளைத்தான் சந்தேகம் தேடி வரும். திறந்த கதவுக்குள், பெயர்ப் பலகை மாட்டி, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்துபோகும் இடத்தில் இருந்தால் அதே பொருளுக்குப் பெயர் விளையாட்டு. பெரியவர் உடனே ஒப்பவில்லை. "கதவு உண்மையிலேயே திறந்திருக்குமா என்று பார்க்கிறேன்" என்றார். அந்தச் சொல்லே எங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

எனவே சங்கத்துக்கு நம் சமுதாயத்தின் பெயரைச் சூட்டவில்லை, ஊரின் பெயரையே சூட்டினோம். பள்ளிவாசல் வளாகத்தில் இடம் தர முன்வந்தவர்களுக்கு நன்றி கூறி மறுத்துவிட்டோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இன்படி ஏழு பேர் கையொப்பமிட்டு முறைப்படி பதிவு செய்தோம். தலைவர் பொறுப்பை ஹவில்தார் ஏற்றார்; அவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவர். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் குழல் என்றால் கதை வேறு. உரிமமின்றி அதைத் தொடவே கூடாது. இதை நாங்கள் அறிந்திருந்தும், என்ன செய்யப்போகிறோம், எங்கே, எந்நேரத்தில், எத்தனைத் துப்பாக்கிகள் என்பதையெல்லாம் எழுதிக் காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிக் கோப்பில் வைத்தோம். வாய்மொழியாக "செய்யுங்கள் பாய்" என்று சொல்வதை வைத்துக்கொண்டு எந்தக் காரியத்திலும் இறங்கலாகாது.

இடம் பெரிதாக வேண்டியதில்லை. அரிசி வணிகரின் பழைய கிடங்கு அறுபதடி நீளம். சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு வரை பத்து மீட்டர்தான் வேண்டும். பக்கவாட்டுக் கதவு ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்தோம். இலக்கு அட்டைக்குப் பின்னால் சாய்வாக நிறுத்திய கனத்த இரும்புத் தகடு. அதில் பட்ட குண்டு கீழே மணல் தட்டில் விழும். அதற்கும் பின்னால் மணல் மூட்டைகள். அட்டையின் நடு 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ரைபிள் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், அதன் நடுவிலுள்ள பத்துமதிப்பெண் புள்ளியோ அரை மில்லிமீட்டர்! இந்த வரியின் முடிவில் அச்சாகியிருக்கும் முற்றுப்புள்ளியைப் பத்து மீட்டருக்கு அப்பால் வைத்துப் பாருங்கள். புதியவர்கள் அதைப் பார்த்து மனமுடையாதிருக்க, பிஸ்டலுக்குரிய அட்டையிலிருந்து தொடங்குவது நல்லது; அதில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர். உள்நாட்டுச் சாதாரண ரைபிள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஒலிம்பிக் தரமான ரைபிளோ லட்சத்தைத் தாண்டும். மூன்று சாதாரண ரைபிள்களைப் பொதுவில் வாங்கினோம். வீடுகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இப்போது சங்கத்தின் இரும்பு அலமாரிக்கு வந்துவிட்டன. சாவி இரண்டு, ஒன்று ஹவில்தாரிடம், மற்றொன்று ஆசிரியரிடம்.

ஹவில்தார் முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குக் குண்டே கொடுப்பதில்லை. வெற்றுத் துப்பாக்கியைப் பிடித்து நிற்கவும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவும், விசையை வெடுக்கென இழுக்காமல் மெல்ல அழுத்தவும் பழக்குகிறார். குழலை மடக்கித் திறந்தே வைத்திருக்க வேண்டும். குழலைக் கைவிட்டால் அது படாரென்று மூடி விரலை நசுக்கிவிடும். கோட்டில் நிற்கும் அத்தனைப் பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாலன்றி ஒருவரும் அட்டையை எடுக்க முன்னே செல்லக் கூடாது. குழல்முனை ஒருபோதும் மனிதரை நோக்கலாகாது. இராணுவத்தில் கற்றதாக அவர் சொல்லும் இந்தக் கடைசி விதியைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உடன்பிறந்த சகோதரனை நோக்கியும் ஆயுதத்தை நீட்டாதீர்கள் என்றும், கடைவீதியிலும் பள்ளியிலும் அம்பு கொண்டு செல்பவர் அதன் கூர்முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துத்தான் வருகிறேன். இவரோ அதைக் கைப்பிடித்துச் செய்துகாட்டுகிறார்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். குண்டுகளை வாயில் கவ்விக்கொள்ளும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு, ஈயம் நஞ்சு. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். "உளூச் செய்யத்தானே போகிறோம்" என்று தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்பவர்களே, உளூ வேறு, ஈயத்தூள் போவது வேறு! தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறோம். தவழும் குழந்தைகளை அங்கே கொண்டுவர அனுமதியில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இது ஏற்றதா என்று கேட்கிறீர்கள். இதைவிட ஏற்ற விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. ஓட்டமில்லை, குதியில்லை, கனத்த மேலங்கியும் காற்சட்டையும் உடலை முழுதும் மூடுகின்றன. மலேசியாவின் நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பங்கேற்றார். அதே ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற பஹிய்யா அல்ஹமத் என்ற மங்கையும் ஏர் ரைபிள் வீராங்கனையே. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். எங்கள் சங்கத்தில் ஞாயிறு காலை பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பயிற்றுவிப்பவரும் பெண்தான், ஆசிரியரின் மனைவி. ஜமாஅத்தில் எதிர்த்துப் பேசிய அந்தப் பெரியவரின் பேத்தி இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். அழைத்துவருபவர் அவரேதான், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

போட்டி வைக்கும்போது ஒரு மஸ்அலா எழுந்தது. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, வென்றவர் எடுத்துக்கொள்வதென்றார்கள் இளைஞர்கள். எல்லாரும் பணம் வைத்து ஒருவர் அள்ளிச் செல்வது சூதாட்டத்தின் சாயலேயாகும். மூன்றாமவர் ஒருவர் தம் பணத்தில் பரிசளிக்கலாம். இருவரில் ஒருவர் மட்டும், "நீ வென்றால் நான் தருகிறேன், நான் வென்றால் நீ தர வேண்டாம்" என்று சொல்வதும் கூடும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. பரிசுக் கிண்ணத்தை ஊர் மருந்துக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். எஞ்சியது தேநீர்ப் பிரச்சினை. "தோற்றவன் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும்" என்பது நண்பர்கள் கூடுமிடமெல்லாம் நடப்பதுதான். அதுவும் அதே வகைதான் என்று நான் சொன்னதும் முகங்கள் வாடின. ஹவில்தார் சற்று யோசித்தார். பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து 'தேநீர்' என்று புதிதாக ஒரு தலைப்பு எழுதி, மாதச் சந்தாவிலிருந்து அதற்கொரு தொகை ஒதுக்கினார். இப்போது வென்றவரும் தோற்றவரும் அஸர் தொழுகைக்குப் பின் அந்தக் கணக்கிலேயே குடிக்கிறார்கள்.