முந்துகிறவரை வாங்கினால் போதுமா?

சர்வர் சில்லுச் சந்தையில் இன்டெலின் கதை முடிந்தது, ஏஎம்டி பங்கை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை. மறுபாதி முதலீட்டாளரின் பணத்தைக் கரைத்துவிடும்.

உண்மையை மறுக்கவில்லை. 2017இல் வந்த ஏஎம்டியின் எபிக் சர்வர் சில்லுகள் இன்டெலின் ஆதிக்கத்தை உடைத்தன. இன்டெலின் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போக, ஏஎம்டி 2019லேயே ஒப்பந்தச் சில்லுத் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சர்வர் சில்லைக் கொண்டுவந்தது. 2024இல் இன்டெல் ஈவுத்தொகையை நிறுத்துவதாக அறிவித்தது.

ஆனால் இதே வெற்றியை ஏஎம்டி முன்பும் ருசித்திருக்கிறது. 2003இல் வந்த அதன் ஆப்டரான் சில்லு, எக்ஸ்86 சர்வர்களுக்கு 64 பிட்டைக் கொடுத்து, சில ஆண்டுகளில் அந்தச் சந்தையில் ஏறத்தாழ கால்பங்கைப் பிடித்தது. 2007இல் அடுத்த தலைமுறையான பார்சிலோனா தாமதமாகவும் பிழையோடும் வந்தது. பிடித்த இடம் கைநழுவியது. 2015இல் ஏஎம்டி பங்கின் விலை இரண்டு டாலருக்கும் கீழே போனது.

இன்று போட்டி இருமுனைப் போட்டியும் அல்ல. அமேசான் 2018இலேயே கிராவிடான் என்ற சொந்தச் சில்லை இறக்கியது; மைக்ரோசாஃப்டும் கூகுளும் அதே வழியில் இறங்கிவிட்டன. ஏஎம்டியின் பெரிய வாடிக்கையாளர்களே அதன் போட்டியாளர்கள்.

ஆகவே சந்தைப்பங்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த தலைமுறைச் சில்லு சொன்ன தேதியில் வருகிறதா, லாப விகிதம் நிலைக்கிறதா, இன்றைய பங்குவிலையில் எத்தனை ஆண்டு வெற்றி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிறந்த சில்லைச் செய்யும் நிறுவனத்தின் பங்கும் தவறான விலைக்கு வாங்கினால் மோசமான முதலீடுதான்.