எந்தக் காலத்துக்குச் சரி?

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிற்றார்களைத் திருத்தும் வீடியோக்களை நாங்களும் விடிய விடியப் பார்த்திருக்கிறம். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கதைதான். ஆரோ ஒருத்தர் 1960களில் செய்த ஃபென்டர் ஒன்றை வாங்குவார். பிறகு 'அந்தக் காலத்துக்குச் சரியான' பாகங்களைத் தேடத் தொடங்குவார். உடம்பு 1962 என்றால் பொட், கப்பாசிற்றர், வயர், திருகாணி வரைக்கும் 1962ஆக இருக்கவேணும். எல்லாம் பூட்டி முடிய கமரா ஒரு சுற்றுச் சுற்றி வரும். வாசிப்பு பத்து செக்கன். அதோட கிற்றார் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும்.

உதை மரபைக் காப்பாத்துறது என்று சொல்லுகினம். எங்களுக்கு உதில உடன்பாடில்லை. ஒரு வாத்தியத்தின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அதுக்கு மாலை போடுற வேலையாகத்தான் உது எங்களுக்குத் தெரியுது.

இந்தக் கருவியை உருவாக்கின ஆளிலிருந்தே தொடங்குவம். லியோ ஃபென்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் கழுத்தை உடம்போடு ஒட்டாமல் நாலு திருகாணியால் பூட்டினார். கழுத்துப் பழுதானால் கழற்றிப்போட்டு இன்னொன்றைப் பூட்டலாம். திருத்துவேலை செய்த கையிலிருந்து வந்த யோசனை அது. அப்படிப் பிறந்த கருவியில ஒரு பாகம் மாறினால் புனிதம் கெட்டுப்போச்சு என்று அழுகிறது என்ன நியாயம்?

தொழிற்சாலைகூட அந்தச் சுத்தத்தைப் பார்க்கவில்லை. பழைய பொட்டின் முதுகில் ஒரு இலக்கம் அடித்திருக்கும். 304-6248 என்றால், 304 ஸ்ராக்போல் கொம்பனியின் குறி, 62 வருசம், 48 கிழமை. சேகரிப்பாளர்கள் இதைச் சாதகம் பார்க்கிற மாதிரிப் பார்ப்பினம். ஆனால் 1965இல் ஃபென்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியபின், 1966இல் பொட்டுகள் பெருந்தொகையாக வாங்கிக் குவிக்கப்பட்டன. அதால அடுத்தடுத்த வருசங்களில் செய்த கிற்றார்களுக்குள்ளும் 1966 பொட்டுகள் கிடக்கு. கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினவைக்கு இல்லாத ஆசாரம், அறுபது வருசத்துக்குப் பிறகு எங்கிருந்து வந்தது?

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து பேஸ்களின் பிரிட்ஜுக்கு மேல குரோம் பூசின ஒரு மூடி இருக்கும். கைக்கு இடைஞ்சல் என்று வாசித்தவர்கள் பலர் அதைக் கழற்றி எறிஞ்சினம். கொஞ்சப் பேர் சிகரெட் சாம்பல் தட்ட வைத்திருந்தினம். அதாலதான் அதுக்கு 'ஆஷ்ட்ரே' என்றே பேர் வந்தது. இப்ப அந்த மூடியை விலை கொடுத்துத் தேடுகினம். வாசிச்சவன் வேண்டாமென்று எறிஞ்சதைப் பூட்டினால்தான் பேஸ் 'முழுமை'யாம்.

இதுவரை சொன்னது சிரிச்சுவிட்டுப் போகக்கூடியது. இனிச் சொல்லப்போறதுக்குச் சிரிக்க ஏலாது. பழைய பாகம் வானத்திலிருந்து விழுறதில்லை. ஒரு 1962 பேஸுக்கு 1962 பிக்கப் வேணுமென்றால், அது இன்னொரு 1962 பேஸிலிருந்துதான் பெரும்பாலும் வரவேணும். முழுக் கிற்றாரை விற்கிறதைவிட, கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், திருகி எல்லாத்தையும் தனித்தனியாக விற்றால் கூடக் காசு கிடைக்கிற சந்தர்ப்பங்கள் இருக்கு. அதைத் தெரிஞ்ச வியாபாரிகள் நல்லா வாசிக்கக்கூடிய பேஸ்களையே பிரிச்சு விற்கினம். ஒன்றைச் 'சரியாக்க' இன்னொன்று சாகுது. அப்படிச் சேர்த்த துண்டுகளை வைத்து முழுசா ஒரு போலி '1962'ஐக் கட்டி விற்கிறதும் நடக்குது.

சரி, எந்தக் காலத்துக்குச் சரி செய்யிறது? போல் மக்கார்ட்னியின் ஹொஃப்னர் பேஸை எடுங்கோ. 1961இல் ஹம்பர்க்கில் கிட்டத்தட்ட 30 பவுணுக்கு வாங்கினது. 1964இல் அதுக்குப் புது வர்ணம் அடித்து, பிக்கப்புகள் இருந்த சட்டத்தையும் மாற்றினார்கள். 1972இல் லண்டனில் களவு போனது. 2024இல் அது கிடைத்துவிட்ட செய்தி வந்தது. அதை 1961க்குத் திருப்பினால் 1964 அழியும். நல்லகாலம், அந்த வருசக் கடைசியில் அவர் அதை லண்டன் மேடையிலேயே கொண்டுவந்து வாசித்தார். ஒரு பேஸைத் திருத்துறதுக்கு இதைவிட வேற என்ன காரணம் வேணும்?

ஜாகோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் இன்னும் பெரிய 'பாவி'. அதன் ஃபிரெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, மேல எப்பொக்சி பூசப்பட்டது. சேகரிப்பாளர் கணக்கில் அது நாசமாக்கின கிற்றார். 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த நாசத்திலிருந்து என்ன சத்தம் வந்ததென்று. 1986இல் களவுபோன அது பல வருசங்களுக்குப் பிறகு வெளியில் வந்தபோது, ஒருத்தரும் ஃபிரெட் பூட்டி 1962ஆக்க நினைக்கவில்லை. ஏன்? வாசித்தவரின் பேர் தெரிஞ்சிருந்தது. பேர் தெரியாத ஆயிரம் பேர் வாசிச்ச பேஸ்களில் இருக்கிற ஓட்டைகளும் தேய்மானமும் மட்டும் ஏன் 'பழுது' ஆகவேணும்?

நாங்கள் கண்டபடி துளைபோடச் சொல்லவில்லை. பழைய வர்ணத்தை உரசி எடுக்கிறது, மரத்தில புது ஓட்டை போடுறது, இதெல்லாம் திருப்பி எடுக்கேலாத வேலை. அதைச் செய்யாதேங்கோ. செத்த பிக்கப்பை எறியாமல் திரும்பச் சுத்தலாம். கழற்றின பாகத்தைப் பேர் எழுதி எடுத்து வையுங்கோ. புதுசாப் பூட்டினதைப் புதுசென்றே சொல்லுங்கோ. பழசு தானாகக் கைக்கு வந்தால் சந்தோசமாகப் பூட்டுங்கோ. அதுக்காக இன்னொரு பேஸைக் கொல்லாதேங்கோ, இருக்கிறதை ஊமையாக்காதேங்கோ.

இதை நாங்கள் பட்டுத்தான் சொல்லுறம். எங்கட அறையில ஜப்பானில செய்த பழைய பேஸ் ஒன்று இருக்கு. அதன் வொலியூம் பொட் கரகரத்துச் செத்துப்போச்சு. "பொறு மச்சான், அதே பொட் எங்கயாவது கிடைக்கும்" என்று எட்டு மாசம் பார்த்துக்கொண்டிருந்தம். எட்டு மாசமும் அது சுவரில தொங்கினது. கடைசியில ரேடியோ திருத்துற ஐயா ஒருத்தரிட்டக் கொண்டுபோனம். அவர் புதுப் பொட் ஒன்றை எடுத்து அரை மணித்தியாலத்தில ஈயம் வைச்சுத் தந்தார். பழைய பொட் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள பத்திரமா இருக்கு. பேஸ் அண்டைக்கு இரவே வாசிச்சது.