ஹவுஸ் ஓனர் வர்றார், வழி விடுங்க!

ஹவுஸ் ஓனர்கிட்ட "அடுத்த மாசம் காலி பண்றோம்"னு சொல்லிப் பாருங்க. அன்னிக்கு சாயங்காலமே வாசல்ல டூலெட் போர்டு தொங்கும். மறுநாள் காலைல புரோக்கர், அவர் பின்னாடியே ஒரு குடும்பம். கொடியில காயுற துணிக்கு நடுவுல புகுந்து போய் "கப்போர்டு எத்தனை?"ம்பாங்க. ஒருத்தர் செல்போன்ல வீடியோ வேற எடுப்பார். வீட்ல பொண்ணுங்க தனியா இருக்கிற நேரமாச்சேன்னு யாரும் யோசிக்கிறதில்லை. கடைசி மாசத்துக்கும் முழு வாடகைதானே வாங்குறாங்க? அப்புறம் அது என்ன சத்திரமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். தமிழ்நாட்டுல 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலா 2017-ல புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி ரிப்பேர் வேலைக்கோ, வீட்டு நிலைமையைப் பார்க்கவோ ஓனர் உள்ள வரணும்னா, 24 மணி நேரம் முன்னாடியே எழுத்து மூலமா, காரணத்தோட சொல்லணும். 'என் வீடு, எப்ப வேணா வருவேன்' கதையெல்லாம் செல்லாது.

ஆனா ஒரு கொக்கி இருக்கு. மத்த காரணத்துக்காக வர்றதுன்னா, அது ஒப்பந்தத்துல எழுதியிருக்கணும். புது ஆளுக்கு வீடு காட்டுறதும் இதுலதான் வரும். நாமளோ பதினோரு மாச அக்ரிமெண்டைப் படிக்காமலேயே கையெழுத்து போடுற ஜாதி!

ஓனர் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லேங்கலை. வீடு ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா அவருக்கு நஷ்டம். பலருக்கு அந்த வாடகைதான் பென்ஷன். அதனால வீடு காட்டவே கூடாதுன்னு அடம் பிடிக்கிறதும் தப்பு.

நான் சொல்றது இதுதான். குடி போறப்பவே அக்ரிமெண்ட்ல நாலு வரி சேருங்க: முதல் நாளே சொல்லிட்டு வரணும், சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும், நாம வீட்ல இருக்கிறப்பதான், கேட்காம போட்டோ வீடியோ எடுக்கக் கூடாது. மாத்துச் சாவி ஓனர்கிட்ட இருந்தா, அது தண்ணிக் குழாய் உடையிற மாதிரி அவசரத்துக்கு மட்டும்னும் எழுதிக்குங்க.

அட்வான்ஸ் பணம் அவர் கையில இருக்கேன்னு பயந்துதான் நாம வாயை மூடிக்கிறோம். முன்னாடியே எழுதி வச்சா சண்டையே வராது. சுவரும் கூரையும் அவரோடது, சரி. நாம குடியிருக்கிற வரைக்கும் உள்ள நடக்கிற வாழ்க்கை நம்மளோடது.