பெயர்ந்தவரா, பெயர்க்கப்பட்டவரா? – ‘புலம்பெயர்வு’ என்னும் கலைச்சொல்லின் எல்லை

முன்னுரை

இடம்விட்டு இடம் செல்லுதலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. செலவு, பிரிவு, போக்கு, உலா, யாத்திரை, பயணம், குடிபெயர்தல், புலம்பெயர்தல் என அவை நீளும். இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ள இயலாது. செல்பவர் யார், செலுத்துபவர் யார், மீண்டுவரும் வழி உண்டா என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனி விடை தருகிறது. அண்மைக்கால ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கோவைகளிலும் இவ்வேறுபாடு மங்கி வருகிறது. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் அனைவரையும் ‘புலம்பெயர்ந்தோர்’ என ஒரே சொல்லால் சுட்டும் போக்கு வலுத்துள்ளது. சொல்லைச் சிக்கனப்படுத்துவதாகத் தோன்றும் இப்போக்கு வரலாற்றைத் திரித்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கண மரபில் செலவு

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரவு, தரவு என்பவற்றைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், செலவு, கொடை என்பவற்றைப் படர்க்கைக்கும் உரியனவாக வகுத்துள்ளார். ஓர் இயக்கம் யாரை நோக்கியது என்பதைச் சொல்லே காட்டவேண்டும் என்பது இதனால் பெறப்படும். பொருளதிகாரத்தில் இந்நுட்பம் மேலும் விரிகிறது. தலைவன் செலவு அழுங்குதல் என்பது செல்லாது விடுதல் அன்று. தலைவியை வற்புறுத்தி ஆற்றுவிக்கும் பொருட்டுத் தாழ்த்தலே என்று கற்பியல் விளக்குகிறது. இதனைப் ‘பயணத்தைக் கைவிடுதல்’ என்று உரைநடைப்படுத்துவோர் துறையையே இழந்துவிடுகின்றனர். ‘முந்நீர் வழக்கம்’ என்னும் தொடரிலுள்ள வழக்கம் என்பது செல்லுதலைக் குறிப்பது. இதனை அறியாதவர் அதனைப் பழக்கம் எனப் பொருள்கொண்டு இடர்ப்படுவர். உடன்போக்கினைப் பயணம் என்றால் களவொழுக்கம் மறையும். உலாவினைப் பயணம் என்றால் காண்போர் மறைவர்.

புலம்பெயர்வு: பழைய வழக்கும் புதிய வழக்கும்

புலம்பெயர்தல் என்னும் வழக்குப் பட்டினப்பாலையிலேயே உள்ளது. அங்கு அது காவிரிப்பூம்பட்டினத்திற்குப் பல நாடுகளிலிருந்து வந்து, பல மொழி பேசி, ஒருங்கு கலந்து இனிது வாழ்ந்த மக்களைச் சுட்டுகிறது. அவர்களுள் எவரும் துரத்தப்பட்டதாகப் புலவர் கூறவில்லை. 1983 சூலை வன்முறைக்குப் பின் ஈழத்திலிருந்து ஐரோப்பாவிற்கும் கனடாவிற்கும் ஏதிலியராய்ச் சென்றோர் இச்சொல்லைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டனர். அவர்தம் எழுத்துகள் ‘புலம்பெயர் இலக்கியம்’ எனப் பெயர் பெற்றன. இனிது உறைந்தோரைக் குறித்த சொல் இழந்து சென்றோரைக் குறிக்கலாயிற்று. பட்டறிவிலிருந்து பிறந்த இம்மாற்றம் ஏற்புடையதே. ‘டயஸ்போரா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நிகரன் தேடிய ஆய்வாளர்கள், பின்னர் இதே சொல்லை எல்லார்க்கும் பொதுவாக்கியபோதுதான் குழப்பம் தோன்றிற்று.

திருவனந்தபுரம் தரும் சான்று

இக்குழப்பத்திற்குத் திருவனந்தபுரம் தக்க சான்றாகும். மனோன்மணீயம் (1891) இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கியவர். ஆ. மாதவன் 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்து, அத்தெருவையே தம் கதைகளின் களமாக்கி, 2021இல் மறைந்தவர். பிறந்த மண்ணில் வாழ்ந்த இவர்கள் எப்புலத்திலிருந்து எப்புலத்திற்குப் பெயர்ந்தனர்? நகுலன் கும்பகோணத்தில் பிறந்து, திருவனந்தபுரத்திற்கு வந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரைக் குடிபெயர்ந்தவர் எனலாம். மூவரையும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கும் ஆய்வு, முன்னிருவரைத் தம் சொந்த ஊரிலேயே அயலார் ஆக்கிவிடுகிறது.

1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் திருவனந்தபுரமும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தன. அதற்கு முன்னர் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்து தங்கியவர் நாடு கடந்தவர் அல்லர். தம் நாட்டின் தலைநகருக்கு வந்தவர். நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழரோ இருந்த இடத்திலேயே இருந்தனர். மாநில மறுசீரமைப்பின்போது பெயர்ந்தது எல்லைக்கோடு மட்டுமே. எல்லையின் பெயர்வை மக்கள்மேல் ஏற்றிக் கூறினால், அவர்கள் வந்தேறிகள் என்னும் தவறான வாதத்திற்கு ஆய்வாளரே கருவி கொடுத்தவராவர்.

புனலூர்த் தோட்டங்கள்

இதற்கு மறுதலையான சான்று கொல்லம் மாவட்டப் புனலூரில் உள்ளது. இலங்கை மலையகத் தமிழருள் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974இல் முடிவாயிற்று. அவ்வாறு இந்தியா வந்தோருள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கவே 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டு, இரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர்.

அரசு ஆவணங்கள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டிராதவர் எவ்வாறு திரும்பியவர் ஆவார்? ஆய்வுலகம் வழங்கும் ‘புலம்பெயர்ந்தோர்’ என்பதும் குறையுடையதே. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. பெயர்ந்தார் என்னும்போது வினைமுதல் அவரே ஆகிறார். குடியுரிமை விண்ணப்பத்தில் அவர்தம் கையொப்பம் இருக்கலாம். ஆயினும் அவ்விண்ணப்பத்தைத் தவிர வேறு வழியின்றிச் செய்தவை இரண்டு அரசுகள். ஆதலின் அவர்கள் புலம்பெயர்க்கப்பட்டோர் ஆவர். பிறவினையைத் தன்வினையாக்கும்போது செய்தவர் பெயர் வாக்கியத்திலிருந்தே நீங்கிவிடுகிறது.

மறுப்பும் விடையும்

சொற்பொருள் விரிதல் மொழியியல்பு. செலவு என்பதே இன்று பணம் போவதைக் குறிக்கிறது. யாத்திரை தமிழில் பெரிதும் திருத்தலச் செலவாகக் குறுகியிருக்க, மலையாளத்தில் எல்லாப் பயணத்திற்கும் பொதுவாக நிற்கிறது. எனவே புலம்பெயர்வும் விரியட்டும் என்பர் சிலர். மக்கள் நாவில் நிகழும் மாற்றத்திற்கு எவரும் தடை விதித்தல் ஆகாது. ஆனால் கலைச்சொல்லுக்கு வரையறையே உயிர். அதனை எல்லையின்றி விரிக்கும் ஆய்வாளர், மொழியின் இயல்பைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது.

முடிவுரை

விரும்பிச் சென்று வாழ்வோர் குடிபெயர்ந்தோர். போருக்கும் ஒடுக்குமுறைக்கும் அஞ்சி அயல்நாடு சென்று, அவ்வடையாளத்தைத் தாமே ஏற்றோர் புலம்பெயர்ந்தோர். அரசின் முடிவால் அகற்றப்பட்டோர் புலம்பெயர்க்கப்பட்டோர். கோடு மாறியதால் வேறு மாநிலத்தார் ஆனோர் எல்லைபிரிந்தோர் என வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும். இப்பெயர்களினும் சிறந்தவை கிடைப்பின் அவற்றை ஏற்கலாம். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் ‘புலம்பெயர்’ என எழுதுமுன், பெயர்ந்தவர் யார், பெயர்த்தவர் யார் என்னும் வினாவிற்கு நெறியாளரும் ஆய்வாளரும் விடைகாண வேண்டும். தன்வினை பிறவினை வேறுபாட்டைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் தம் ஆய்வில் அதனை மறத்தல் தகாது.