தெள்ளும் துப்புரவும்

(கருத்துக் கட்டுரை)

நாயும் பூனையும் வளரும் இல்லங்களில் மழைக்காலந்தோறும் எழும் சிக்கல் ஒன்று உண்டு. வளர்ப்பு விலங்கு இரவெல்லாம் உறங்காமல் உடலைச் சொறிகிறது. வாலின் அடிப்பகுதியைப் பல்லால் கடிக்கிறது. சில நாள்களில் அவ்விடத்து முடி உதிர்ந்து தோல் சிவந்துவிடுகிறது. இத்துன்பத்திற்குக் காரணம் பெரும்பாலும் எள்ளளவே ஆன தெள்ளுப்பூச்சி. வட இந்தியாவில் ‘பிஸ்ஸு’ என வழங்கப்படுவதும் இதுவே.

உடனே ஆளுக்கொரு மருந்து கூறுவர். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார். ஒருவர் கற்பூரம் என்பார். மற்றொருவர் உணவில் பூண்டு கலக்கச் சொல்வார். ‘இயற்கைப் பொருள்தானே, என்ன தீங்கு செய்துவிடும்?’ என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. இயற்கை வழி என்பது விலங்கின் மேல் எதையேனும் பூசுவதன்று. தெள்ளு பெருகும் இடத்தை அது வாழ இயலாத இடமாக மாற்றுவதே ஆகும்.

தெள்ளு பெருகும் இடம்

தெள்ளு வேறு, உண்ணி வேறு. உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது தோலைக் கவ்விக்கொண்டு நகராமல் இருக்கும். தெள்ளுக்கு ஆறு கால்கள், அதற்கு இறகில்லை, ஆயினும் நெடுந்தொலைவு தாவும். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடும். அம்முட்டைகள் விலங்கின் உடலில் தங்குவதில்லை. அது படுக்கும் இடத்திலும் உலவும் இடத்திலும் உதிர்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு வெளிச்சத்தைத் தவிர்த்துத் தரைவிரிப்பின் அடியிலும் கட்டிலின் கீழும் ஒளிந்து வளர்கிறது. பின்னர்க் கூடு கட்டி, அதனுள் சில வேளைகளில் பல மாதங்கள்கூடக் காத்திருக்கிறது. காலடி அதிர்வையும் உடற்சூட்டையும் உணர்ந்ததும் தெள்ளாக வெளிவருகிறது.

ஆகவே, விலங்கின் உடலில் காணப்படும் தெள்ளுகள் சிறு பகுதியே; பெரும்பகுதி வீட்டில்தான் உள்ளது. வீட்டை விட்டுவிட்டு விலங்கை மட்டும் குளிப்பாட்டுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

துப்புரவே முதல் மருந்து

முதற்கருவி சீப்பு. பேன் சீப்பைப் போன்று நெருங்கிய பற்களுடைய சீப்பால் நாள்தோறும் கழுத்து, முதுகு, வாலடி ஆகிய இடங்களை வாருதல் வேண்டும். சிக்கிய தெள்ளுகளைச் சோப்பு கலந்த நீரில் இட்டால் அவை மூழ்கி மடியும். சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கலாம். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். அந்நிறம் விலங்கின் குருதியே. தெள்ளு ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஆதலின், வீட்டிலுள்ள எல்லா விலங்குகளையும் ஒரே நாளில் வாருதல் நன்று.

அடுத்தது படுக்கை. விலங்கின் விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் இன்றேல் முட்டையும் புழுவும் பிழைப்பது அரிது. பாயையும் தலையணையையும் வெயிலில் காயவைக்கும் பழைய வழக்கம் டெல்லி அடுக்ககத்திலும் மும்பைக் குடியிருப்பிலும் பயன் தருவதே. மூலை முடுக்குகளைப் பெருக்கி, அக்குப்பையை அன்றே வெளியேற்றுதலும் வேண்டும். கூடுகள் எஞ்சியிருக்கும் ஆதலால், இப்பணியை ஓரிரு நாளில் நிறுத்தாது பல வாரங்கள் தொடர வேண்டும்.

இயற்கையிலும் நஞ்சு உண்டு

எட்டிக்காயும் இயற்கை தந்ததே. அதனை எவரும் உண்பதில்லை. பூண்டும் வெங்காயமும் நாய், பூனை ஆகியவற்றின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லவை. கற்பூரமும் தேயிலை மர எண்ணெயும் அவற்றுக்கு நஞ்சாகும். பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் இயல்புடையது. எனவே அதன் மேல் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் செல்லும். வேப்பெண்ணெயையும் மருத்துவரைக் கேளாது பூசுதல் கூடாது.

‘மருந்துத்துளி ஒன்று இருக்க, இத்துணை உழைப்பு எதற்கு?’ என வினவுவாரும் உளர். மருத்துவர் தரும் மருந்து இகழத்தக்கதன்று. குட்டிகள் குருதி இழந்து சோர்ந்தாலும், தோல் புண்ணானாலும், மலத்தில் நாடாப்புழு காணப்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் செல்வதே முறை. ஆயின் மருந்திட்ட பின்னரும் வீட்டிலுள்ள கூடுகளிலிருந்து புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். துப்புரவு அப்போதும் தேவை. மேலும், நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே பறிக்கக்கூடும். ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்கு இடுதல் ஆகாது.

விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் நேராமல் காப்பது அவற்றை வளர்ப்போரின் கடமை என விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 கூறுகிறது. தன் மேல் பூசப்படுவது எரிகிறது என்று வாய்திறந்து கூற இயலாத உயிர் அது. அதன் பொருட்டு ஆராய்ந்து அறிய வேண்டியவர் வளர்ப்பவரே. நாளும் சில நிமிடம் சீப்பு எடுப்பதும், வாரம் ஒருமுறை விரிப்பைத் துவைப்பதும் சிறுவராலும் இயலும் செயல்கள். கொஞ்சி விளையாடுவதோடு நில்லாமல் இவற்றையும் செய்வதே உண்மையான அன்பு.

சிந்தித்து எழுதுக

1. தெள்ளுக்கும் உண்ணிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. விலங்கை மட்டும் குளிப்பாட்டுவது ஏன் போதாது?
3. ‘இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது’ என்னும் கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.