காரோட்டுப் பிள்ளையும் 20 மார்க்கும்: கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் உண்மையான போட்டி எங்கே நடக்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து வரும் கழக்கூட்டம் - காரோடு பைபாஸ் முடியும் இடம் காரோடு. கொஞ்சம் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள். மேடையிலிருந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன கிடைக்கிறது என்பதுதான் வேறுபடுகிறது.

கேரளத்தில் ஜனவரி வந்தால் மாநிலப் பள்ளிக் கலோத்சவம் தலைப்புச் செய்தியாகிவிடும். அப்போதெல்லாம் நாம் பார்ப்பது கடைசி மேடையை மட்டும்தான். காரோடு மாதிரி ஊர்களில் இருக்கும் பிள்ளைக்குப் போட்டி அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிந்துபோகிறது. அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏணியில் எத்தனை படி?

காரோடு ஊராட்சி நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் அது பாறசாலை உபஜில்லா, அதாவது ஏ.இ.ஓ. ஆபீஸின் கீழ் வரும் பகுதி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், காட்டாக்கடை ஆகிய நான்கு உபஜில்லாக்களும் சேர்ந்தது நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இப்படி மூன்று கல்வி மாவட்டங்கள், மொத்தம் 12 உபஜில்லாக்கள்.

கலோத்சவம் பள்ளியில் தொடங்கி உபஜில்லா, ரெவின்யூ மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி ஏறுகிறது. கல்வி மாவட்ட அளவில் தனிப் போட்டி இல்லை. ஒன்று முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உபஜில்லாவோடு முடிந்துவிடும். ஐந்து முதல் ஏழு வரை உள்ளவர்கள் மாவட்டம் வரை போகலாம். மாநில மேடை எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்களுக்கு மட்டும்.

இப்போது, காரோட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை நன்றாக மோனோ ஆக்ட் செய்வாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவள் தன் பள்ளியில் ஜெயிக்க வேண்டும். பிறகு பாறசாலை உபஜில்லாவின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வருகிறவர்களில் முதலாவதாக வர வேண்டும். அடுத்து, மாவட்டத்தில் 12 உபஜில்லாக்களின் முதலிடங்களோடு மோத வேண்டும். அங்கிருந்து ஒரு இனத்துக்கு ஒருவர்தான் மாநிலத்துக்குப் போக முடியும். அப்பீல் என்றொரு வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

மாநில மேடையில் என்ன நடக்கிறது?

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. முன்பெல்லாம் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு இருந்தது. 2017ல் விதிமுறையைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 80 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கும் எல்லோருக்கும் ஏ கிரேடு. ஏ கிரேடுக்கு 5 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 1. இதைக் கூட்டித்தான் மாவட்டத்துக்குத் தங்கக் கோப்பை கொடுக்கிறார்கள். 117.5 பவன் கோப்பை அது.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63வது கலோத்சவத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 249 இனங்கள். அதில் அரபி, சமஸ்கிருதம் தலா 19. அவற்றுக்குத் தனிக் கணக்கு. மிச்சம் உயர்நிலைப் பிரிவில் 101, மேல்நிலைப் பிரிவில் 110, ஆக 211. எல்லாவற்றிலும் ஏ கிரேடு வாங்கினால் 1,055 புள்ளி. கோப்பையை வென்ற திருச்சூர் வாங்கியது 1,008. ஒரே ஒரு புள்ளி குறைந்து பாலக்காடு 1,007. மூன்றாவது வந்த கண்ணூர் 1,003.

திருச்சூர் இழந்தது 47 புள்ளிகள்தான். ஏ போய் பி வந்தால் 2 புள்ளி குறையும். அப்படியானால் ஏ கிரேடு கிடைக்காத இனங்கள் 23-ஐத் தாண்டியிருக்க முடியாது. பத்து இனத்தில் ஒன்பதுக்கு ஏ கிரேடு வந்திருக்கிறது, சரியா? முன்வரிசை மாவட்டங்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

மாநில மேடைவரை வந்துவிட்ட பிள்ளைக்கு ஏ கிரேடு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வடிகட்டுவது எல்லாம் கீழே, உபஜில்லாவிலும் மாவட்டத்திலும் நடந்து முடிந்துவிடுகிறது. கேமராக்கள் அங்கே அவ்வளவாகப் போவதில்லை.

சரி, ஏ கிரேடு வாங்கினால் என்ன கிடைக்கும்?

கையில் ஒருமுறை கலாசார உதவித்தொகையாக 1,000 ரூபாய். அதைவிடப் பெரியது கிரேஸ் மார்க். மாநில அளவில் கிரேடு வாங்கியவர்களுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு இது சேர்கிறது. கொரோனா காலத்தில் கலோத்சவமும் நடக்கவில்லை, கிரேஸ் மார்க்கும் நின்றது. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் விழா திரும்ப வந்தது. அந்த ஆண்டே கிரேஸ் மார்க்கும் திரும்பியது. ஆனால் அளவைக் குறைத்துவிட்டார்கள். ஏ கிரேடுக்கு முன்பு 30 மார்க் இருந்தது, இப்போது 20.

20 மார்க்கா, அவ்வளவுதானா என்று தோன்றலாம். பிளஸ் ஒன்னில் விரும்பிய பாடப்பிரிவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளையின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடத்தின் கிரேடு ஏறுவதற்கு அதுவே போதும்.

கலோத்சவம் வெறும் கலை விழாவாக இருந்தால் தோற்றவர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடலாம். படிப்புக்கான மார்க் இதில் இருப்பதால்தான் தோல்வி வலிக்கிறது. பெற்றோர் நடுவர்களோடு சண்டை போடுவதும், விடியற்காலை வரை மேடைகள் நீள்வதும் பாதி இதனால்தான்.

பணம் எந்தப் படியில் உள்ளே வருகிறது?

பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சுப்புடி போன்ற இனங்களில் குரு, உடை, நகை, மேக்கப், பாட்டு, பக்கவாத்தியம் என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். கேரளத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி எல்லாம் ஒரே மேடையில் மோதுகின்றன. கூலிவேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஸ்கோர் ஷீட்தான். ஒருவகையில் அது நியாயம், இன்னொரு வகையில் இல்லை.

2024 டிசம்பரில் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி சொன்ன ஒரு விஷயம் பெரிய சர்ச்சையானது. கலோத்சவ மேடையிலிருந்து வளர்ந்த ஒரு நடிகை, வரவேற்புப் பாட்டுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க 5 லட்சம் ரூபாய் கேட்டார் என்றார். பிறகு அந்தப் பேச்சை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சம்பவத்தில் யார் சரி என்பது இருக்கட்டும். நடனப் பயிற்சிக்கு என்ன விலை என்ற பேச்சு வந்ததுமே கேரளம் முழுக்க ஏன் கொதித்தது? பிள்ளையை மேடை ஏற்றிய எல்லா வீட்டுக்கும் அந்த விலை தெரியும் என்பதால்தான்.

அடுத்தது அப்பீல். மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் பணம் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அங்கே முடியாவிட்டால் லோக் ஆயுக்தா, குழந்தைகள் உரிமை ஆணையம், நீதிமன்றம் என்று கதவு தட்டலாம். உத்தரவு வாங்கி வருகிறவர்களால் மாநிலத்தில் போட்டியாளர் எண்ணிக்கை 14 மாவட்டத்துக்கு 14 என்று நிற்பதில்லை. 2018 ஜனவரியில் திருச்சூரில் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரில் போலி அப்பீல் உத்தரவுகளே பிடிபட்டு, போலீஸ் கைது வரைக்கும் போனது. நிஜமாகவே அநியாயம் நடந்தால் அதைச் சரிசெய்ய அப்பீல் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு அலைய நேரமும் பணமும் உள்ள வீடுகளுக்குத்தான் அந்தக் கதவு சுலபமாகத் திறக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் எப்படி?

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, அது கேரளத்திலேயே நின்றது. அந்தக் கோடுதான் இன்றைக்கு இந்தப் பிள்ளைகளின் விழாவையும் பிரிக்கிறது. கேரளக் கலோத்சவம் 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே கே.ஜே. யேசுதாஸ் பாட்டிலும் பி. ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் பரிசு வாங்கினார்கள். தமிழ்நாட்டின் 'கலைத் திருவிழா' தொடங்கியது 2022ல்.

கலைத் திருவிழாவும் பள்ளியில் தொடங்கி மாநிலம் வரை படிப்படியாக ஏறுவதுதான். ஆனால் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். 2024-25ல் அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. விளவங்கோடு பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளை பெரிய தனியார் பள்ளியோடு மோத வேண்டியதில்லை. ஜெயித்தால் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம் உண்டு. சிறப்பாகச் செய்பவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதாகவும் அரசு அறிவித்தது. தேர்வு மார்க்கோடு எதுவும் சேராது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரளம் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஜெயித்தவருக்கு மார்க் கொடுக்கிறது. தமிழ்நாடு வசதி குறைந்தவர்களுக்குத் தனி மேடை போட்டு, ஜெயித்தவருக்குப் பெருமை கொடுக்கிறது. ஒன்றில் பரிசு கனமானது, பாதை குறுகலானது. மற்றதில் பாதை அகலம், பரிசு லேசு. காரோட்டுக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச தூரம்தான். இதில் இரண்டு பக்கமும் ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

தமிழுக்கு இடம் உண்டா?

உண்டு. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாமலேயே போய்விடுகிறது. கலோத்சவத்தில் தமிழில் கவிதை சொல்லுதல், தமிழ்ப் பேச்சு என்று போட்டிகள் இருக்கின்றன. கன்னடத்துக்கும் அப்படியே. 2025ல் முதல்முறையாக ஐந்து பழங்குடி ஆட்டங்களையும் சேர்த்தார்கள்: இருள நடனம், பணிய நடனம், மங்கலம்களி, பளிய நடனம், மலப்புலய ஆட்டம். இதில் பளியர்கள் குமுளிப் பக்கத்தவர்கள், மலப்புலயர்கள் மறையூர்ப் பக்கத்தவர்கள். தமிழ் புழங்கும் மலைகள் அவை. 211 இனங்களில் இவையும் சேர்ந்துதான் கோப்பையைத் தீர்மானித்தன.

ஆனால் எல்லாத் திறமையும் இந்த ஏணியில் ஏறுவதில்லை. அதே தாலுகாவின் கடலோரத்தில் பொழியூர் இருக்கிறது. மீனவ கிராமம். சந்தோஷ் டிராபி கால்பந்தில் கேரளத்துக்கு ஆட்டக்காரர்களைக் கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர். கடற்கரை மணலில் பந்து உதைத்துப் பழகிய பையன்கள். அந்த ஊரைப் பார்த்தால் ஒன்று புரியும்: ஊரே சேர்ந்து ஒரு விஷயத்தை வளர்த்தால், குருவுக்குக் கொடுக்கப் பெரிய காசில்லாத வீட்டிலிருந்தும் மாநில அணிக்கு ஆள் போகும்.

அப்படியானால் ஒரு பெற்றோராக நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், எல்லா ஏ கிரேடும் ஒன்றுதான் என்பதை மனதில் வையுங்கள். குச்சுப்புடியில் வாங்கும் ஏ கிரேடுக்கும் கார்ட்டூனில் வாங்கும் ஏ கிரேடுக்கும் அதே 20 மார்க். கதை, கவிதை, கட்டுரை, பென்சில் டிராயிங், வாட்டர் கலர், பேச்சு, கவிதை சொல்லுதல், மிமிக்ரி, மோனோ ஆக்ட் இவற்றுக்கெல்லாம் உடை வாடகையும் நகையும் தேவையில்லை. ஒரு நல்ல டீச்சரும் தினம் ஒரு மணி நேரமும் போதும். பாளையம் பக்கம் போய் நடன உடைக்கு விலை கேட்பதற்கு முன்னால், பள்ளியில் இனங்களின் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இரண்டாவது, காலம். உபஜில்லா கலோத்சவங்கள் பொதுவாக அக்டோபர், நவம்பரில் நடந்துவிடும். ஓணம் லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு யோசித்தால் தாமதம். ஜூனில் பள்ளி திறக்கும்போதே பிள்ளை எதில் நிற்கப்போகிறாள் என்று பேசி முடிவெடுங்கள். ஒரு பிள்ளை தனி இனத்தில் 3, குழு இனத்தில் 2 என்ற வரம்பும் இருக்கிறது. அதனால் எல்லாவற்றிலும் பேர் கொடுக்கலாம் என்று நினைக்க முடியாது.

மூன்றாவது பி.டி.ஏ. கூட்டம். அங்கே ஸ்மார்ட் கிளாஸ், சுற்றுச்சுவர் பற்றி எல்லாம் பேசுகிறோம். உபஜில்லாவுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பள்ளியே பயிற்சி தருமா, போக வர வண்டிச் செலவை யார் பார்ப்பது என்றும் அங்கே கேட்கலாம். அரசு செய்ய வேண்டியதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மாநில மேடைக்கான பந்தலில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, உபஜில்லா அளவில் இலவசப் பயிற்சியாளர்களை வைத்தால் 20 மார்க்கின் பாதை அகலமாகும்.

அடுத்த ஜனவரியில் தங்கக் கோப்பையை யாரோ தூக்கிப் பிடிக்கும் படம் உங்கள் போனுக்கு வரும். அதைப் பார்க்கும்போது, முந்தின நவம்பரில் பாறசாலையில் இரண்டாவதாக வந்து பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எந்தச் சானலிலும் படம் வராது. அவள் ஏன் இரண்டாவதாக வந்தாள் என்று அந்தப் பள்ளியில் யாராவது உட்கார்ந்து பேசினால், அடுத்த நவம்பருக்குள் செய்ய வேண்டிய வேலை என்னவென்று தெரிந்துவிடும்.