விலைப்பட்டியலில் இல்லாத சுவிட்ச்

வீட்டிற்கு ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது எத்தனை கேவிஏ என்பது. அதை வீட்டு மின் இணைப்போடு எவ்வாறு சேர்ப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும், "அதை உங்கள் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலோடு முடிந்துவிடும். விலைப்பட்டியலில் எந்திரத்திற்கு ஒரு வரி இருக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு இராது. அத்தகைய விலைப்பட்டியலை வாடிக்கையாளர் ஏற்கவே கூடாது என்பது என் கருத்து.

புனேவாசிகளுக்கு ஜெனரேட்டர் புதியதன்று. கிர்லோஸ்கர், கம்மின்ஸ் என்னும் பெயர்கள் இந்நகரின் தொழில் வரலாற்றோடு கலந்தவை. 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம் கடும் மின்வெட்டில் தவித்தபோது, இந்நகரம் ஒரு புதுவழி கண்டது. தொழிற்சாலைகள் நெருக்கடி நேரங்களில் தம் ஜெனரேட்டர்களை இயக்கி, பொது மின்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டன. அதனால் ஆன கூடுதல் செலவை மின்நுகர்வோர் கட்டணத்தின் வழியே பகிர்ந்துகொண்டனர். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலோடு நடந்த இந்த ஏற்பாடு 'புனே மாதிரி' எனப் பெயர்பெற்றது. ஆலைகளில் இதெல்லாம் பொறியாளர்களின் மேற்பார்வையில் நடந்தது. வீட்டிலோ மேற்பார்வைக்கு யாரும் இல்லை. அங்கே அந்தப் பொறுப்பை ஒரு சுவிட்ச்தான் ஏற்கவேண்டும்.

அது இல்லாத வீடுகளில் நடப்பது என்ன? மின்சாரம் நின்றதும், இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு கம்பியை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள சாக்கெட்டிலும் செருகுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கெரிகிறது. அதே மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்கும், அங்கிருந்து மின்மாற்றிக்கும் செல்கிறது. 11,000 வோல்ட்டை 230 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அந்த மின்மாற்றி, மறுபக்கமிருந்து வரும் 230 வோல்ட்டை மீண்டும் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். கம்பத்தின் மேலே, மின்சாரம் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் வேலை செய்துகொண்டிருப்பார்.

"தெரு முழுவதன் சுமையையும் சிறிய ஜெனரேட்டரால் இழுக்க முடியாது, அது தானே நின்றுவிடும்" என்று வாதிடுவோர் உண்டு. மழைக்காலத்திற்கு முன் வரும் ஏப்ரல், மே மாதப் புயல்மழையில் மரம் விழுந்து கம்பி அருகிலேயே அறுந்துவிட்டால், அந்தத் துண்டில் இழுப்பதற்குச் சுமையே இராது. ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, தமிழ்நாட்டின் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்தப் பிற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்தார்கள். குடிநீர்த் தொட்டிகளை நிரப்பவும் கைபேசிகளுக்கு மின்னூட்டவும் ஊரூராக ஜெனரேட்டர்கள் ஓடின. வெளியூரிலிருந்து வந்து கம்பம் ஏறியவருக்கு, எந்த வீட்டில் எந்தக் கம்பி எப்படிச் செருகப்பட்டிருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இணைக்கிறோம் என்பது இன்னொரு சமாதானம். அணைத்தவர் வெளியே போயிருக்க, வீட்டிலுள்ள வேறொருவர் அதைப் போட்டுவிடலாம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மனித நினைவை நம்புவதில்லை. ஒரு பக்கம் பொது மின்சாரம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதுவுமில்லா நிலை. இரண்டையும் ஒருசேர இணைக்க அதன் அமைப்பே இடந்தராது. ஃபேஸ் கம்பியோடு நியூட்ரலையும் அது மாற்றவேண்டும்: ஒருமுனை இணைப்பிற்கு இரண்டு துருவம், மும்முனை இணைப்பிற்கு நான்கு துருவம். நியூட்ரலை விட்டுவிட்டு மலிவாகச் செய்து தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுவதே நல்லது.

அடுத்தது மிகுசுமை. 2.5 கேவிஏ ஜெனரேட்டர், திறன் காரணி 0.8 எனில், 2,000 வாட் மட்டுமே தரும். ஒரு கீசரே அதை விழுங்கிவிடும். ஒரு குதிரைத்திறன் பம்ப் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். புறப்படும் கணத்தில் பலமடங்கு கேட்கும். விளக்கு மங்குவதும், எந்திரத்தின் குரல் தாழ்வதும், பிரேக்கர் விழுவதும் அதன் அறிகுறிகள். அப்போது எல்லாக் கருவிகளையும் அணைத்து, எந்திரத்தைச் சுமையின்றிச் சற்று ஓடவிட்டு, பெரிய மோட்டாரை முதலில் தனியாகவும் மற்றவற்றை ஒவ்வொன்றாகவும் சேர்க்கவேண்டும். சுமையே இல்லாமல் பிரேக்கர் விழுந்தால், கோளாறு கம்பியிலோ எந்திரத்திலோ இருக்கிறது. குறைந்த சுமைக்கே எந்திரம் திணறினால், அடைத்துப்போன காற்று வடிகட்டியையோ பழைய பெட்ரோலையோ முதலில் பாருங்கள். பெரிய பிரேக்கர் மாட்டுவது மட்டும் தீர்வன்று; விழுவதுதான் அதன் வேலை.

புனேயின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது வேறு வடிவம் எடுக்கிறது. சங்கத்தின் ஜெனரேட்டர் லிஃப்ட், தண்ணீர் பம்ப், பொதுவிளக்குகளுக்குப் போக, வீட்டுக்கு வீடு சில விளக்கும் விசிறியும் ஓடுமளவு தரும். ஒருவர் அந்த இணைப்பில் மைக்ரோவேவ் அடுப்பைச் செருகுவார். பொதுக்குழுவில் பெரிய ஜெனரேட்டர் வாங்கத் தீர்மானம் வரும்! எந்த வீடு எவ்வளவு எடுக்கிறது என்று ஒருநாள் அளந்து பார்த்தால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது.

தனிவீட்டில் பயன்படுத்துவோர் எந்திரத்தைப் பால்கனியிலோ சன்னலருகிலோ வைக்கலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் எழமாட்டார். எந்திரம் ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்றவேண்டும்.

கையால் இயக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் விலை, ஜெனரேட்டரின் விலையில் சிறு பகுதியே. கடன் விண்ணப்பத்தோடு விலைப்பட்டியலை இணைப்பவர்கள், சுவிட்ச், தகுந்த கனமுள்ள கம்பி, எர்த், உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் கூலி ஆகியவை தனித்தனி வரிகளாக இடம்பெறும்படி கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை கையை மீறினால், கேவிஏவில் ஒரு படி இறங்குங்கள். அந்த நான்கு வரிகளில் எதையும் அடிக்கவேண்டாம்.